நிலுவை மின்கட்டணம்: வசூல் பொறுப்பாளரின் வேலை என்ன?

கட்டாமல் கிடக்கும் பில்களைப் பிரித்து, யாருக்கு போன், யாருக்கு நோட்டீஸ், எங்கே ப்யூஸ் பிடுங்குவது என்று முடிவெடுப்பவர்தான் வசூல் பொறுப்பாளர். முதலில் பார்க்க வேண்டியது தொகையை மட்டுமல்ல, பாக்கியின் வயதையும். மளிகைக்கடைப் பற்று நோட்டு மாதிரிதான். பக்கம் பழசாகப் பழசாகப் பணம் வராது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்தவர் எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டி கோவைக்குப் போய்விட்டால், கையில் மிஞ்சுவது இணைப்புக்காக அவர் கட்டிய டெபாசிட் மட்டுமே. ஆகவே, டெபாசிட்டை நெருங்கும் பாக்கிகளைத்தான் முதலில் துரத்த வேண்டும்.

அவசரப்பட்டு ப்யூஸைத் தொடக்கூடாது. 2003 மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, முழுதாக 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். மலையாள நோட்டீஸ் என்றால் தமிழ் வீடுகளில் கடைசித் தேதியையும் தொகையையும் வாயால் சொல்லிவிடுங்கள். பாதித் தகராறு அங்கேயே தீரும்.

இரண்டு வருஷம் இழுத்தடித்தால் பாக்கி தானாகக் கழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பில்லில் நிலுவையாகத் தொடர்ந்து காட்டிவந்திருந்தால் கழியாது.