இரண்டு சட்டை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தில் 'கான்டியூட்' என்ற பகுதியைப் பார்த்தேன். 1993இல் வந்தது. அயோவாவில் ஓர் ஏரிக்கரையில் குடும்பத்தோடு தங்கியிருக்கும் ரூபி என்ற பெண் இரவில் காணாமல் போகிறாள். எஃப்.பி.ஐ. துப்பறிவாளர்களான மல்டரும் ஸ்கல்லியும் தேடுகிறார்கள். கடைசியில் அவள் கிடைத்துவிடுகிறாள். ஆனால் யார் கொண்டுபோனார்கள், எதற்கு என்று எதுவும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. அம்மா அவளைப் பேசவே விடவில்லை. ஏமாற்றமாக இருந்தது. அவளுடைய தம்பி டிவி முன்னால் உட்கார்ந்து 0, 1 என்று எழுதிக்கொண்டே இருக்கும் காட்சிகள் தேவையில்லாத இழுவை.

சிங்கப்பூரில் ஒருவர் காணாமல் போவதை வைத்து ஓர் அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இத்தனை கேமரா இருக்கும் ஊரில் அது நம்பும்படி இருக்குமா? முடிவில் காரணத்தைச் சொல்லியே ஆகவேண்டுமா?

ஒரு வாசகர், தெம்பனிஸ்

அன்புள்ள தம்பி,

கேமராவை விடுங்கள். இரண்டு வரியில் சமாளித்துவிடலாம்.

அந்தப் பையனை இழுவை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. கைப்பேசியை நோண்டிக்கொண்டே பார்த்தீர்களா? அந்தப் பகுதிக்கு உயிரே கெவின்தான். படம் வராமல் இரைகிற டிவியைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறான். அவன் எழுதிய தாளில் பாதுகாப்புத் துறைச் செயற்கைக்கோளின் தகவல் துணுக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் அரசாங்க ஆட்கள் வந்து வீட்டையே புரட்டிப்போடுகிறார்கள். அப்போதும் அவர்களுக்குத் தாள்தான் வேண்டும். அப்புறம் ஸ்கல்லி மாடிக்குப் போய்க் கீழே பார்க்கும்போது, தரையில் பரப்பியிருக்கும் தாள்கள் எல்லாம் சேர்ந்து ரூபியின் முகமாகத் தெரிகின்றன. அக்காவின் முகம் அத்தனை நேரமும் அந்த வீட்டுத் தரையிலேயே கிடந்திருக்கிறது. அந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மல்டருக்கு மட்டும் ஏன் அந்தப் பையன்மேல் கண் போகிறது? 1973இல் அவருடைய தங்கை சமந்தா காணாமல் போனபோது அவருக்கு வயது 12, அவளுக்கு 8. வீட்டில் மிஞ்சிய பிள்ளை அவர். சமந்தாவுக்கு என்ன ஆனது என்பதற்குத் தொடர் 2000இல் ஒரு விடை சொன்னது. எனக்கு அது ஒட்டவே இல்லை. கான்டியூட்டின் முடிவில் தேவாலயத்தில் தனியாக உட்கார்ந்து அழுகிற மல்டர்தான் இன்னும் கண்ணில் நிற்கிறார்.

நானும் அப்படி வீட்டில் மிஞ்சிய பிள்ளைதான்.

1975இல் நாங்கள் தோ பாயோவில் இருந்தோம். எனக்கு 9 வயது. என் சின்ன மாமா, அம்மாவின் தம்பி, கப்பல் பட்டறையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்பி குடித்துவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. வீட்டில் எல்லாரும் மாத்தாவிடம், அதாவது போலீஸிடம், ஒரே மாதிரி சொன்னார்கள்: வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, கையில் பை இல்லை. பை இல்லாததால் ஊரைவிட்டுப் போயிருக்க மாட்டார், விபத்தாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டினார்கள். பாட்டி வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவரிடம் போனார். வடக்கே, தண்ணீருக்குப் பக்கத்தில் என்றார் அவர். இந்தத் தீவில் எந்தப் பக்கம் போனாலும் தண்ணீர்தான். அப்பாவும் பெரிய மாமாவும் வாரக்கணக்கில் கடற்கரை கடற்கரையாக அலைந்தார்கள்.

எனக்கு ஒன்று தெரியும். மாமா குனிந்து செருப்பு மாட்டும்போது நான் படியில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக் காலருக்குள்ளே ஒரு நீலக் காலர் தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டிருந்தார். கழுத்துக்குப் பின்னால் நீலம் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டி உள்ளே தள்ளிவிடலாமா என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. பை இல்லாமல் மாற்றுச் சட்டையோடு போகிறவர் எங்கேயோ தங்கப் போகிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மாத்தா வந்திருந்தபோது அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து "மாமா ரெண்டு சட்டை" என்றேன். "சின்னப் பிள்ளை, உள்ளே போ" என்றார்கள். போனேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சாட்சியச் சட்டத்தில் ஒன்று உண்டு. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தச் செய்தியும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1982இல் அப்பா இதைச் சாப்பிடும்போது சொன்னார். பாட்டி தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். எனக்கு அப்போது 16 வயது. சட்டை ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

1986 மே 14ஆம் தேதி, ஓவன் ரோட்டுத் தொடக்கப்பள்ளிக்குக் கிளம்பிய 12 வயதுப் பையன்கள் இரண்டு பேர் காணாமல் போனார்கள். மெக்டானல்ட்ஸ் நிறுவனம் 1 லட்சம் வெள்ளி வெகுமதி அறிவித்தது. பிள்ளைகள் கிடைக்கவே இல்லை. என் வயதுக்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். நான் அப்போது தேசிய சேவையில், கட்டாய ராணுவப் பணியில், இருந்தேன். வார விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது பாட்டி ஆங்கிலப் பத்திரிகையை நீட்டி, படித்துச் சொல்லச் சொன்னார். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த வீடுகள்ல தம்பி தங்கச்சி இருக்கா? அதுங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றார்.

அன்றைக்குத்தான் சொன்னேன், பதினோரு வருஷம் கழித்து. திட்டுவார் என்று நினைத்தேன். பாட்டி திட்டவில்லை. சட்டையில் பாக்கெட் இடப்பக்கமா, பித்தான் என்ன நிறம் என்று மட்டும் கேட்டார்.

மாமா காணாமல் போன அந்த வாரமே நீலச் சட்டையைப் பாட்டி தேடியிருக்கிறார். முதல் நாள் மூங்கில் கழியில் காயப்போட்டிருந்தது. கழியிலிருந்து கீழ்வீட்டு ஜன்னலில் விழுந்திருக்கும், அவர்கள்தான் எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்று முடிவுசெய்து, கீழ்வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சண்டை போட்டிருக்கிறார். மகன் போன துக்கத்தில் சொல்லக்கூடாததெல்லாம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஹரி ராயாவுக்கு அவர்கள் வீட்டிலிருந்து வரும் பலகாரமும், தீபாவளிக்கு நாங்கள் கொடுத்தனுப்பும் முறுக்கும் நின்று போனதற்குக் காரணம் அதுவென்று எனக்கு அன்றுவரை தெரியாது.

தம்பி, உங்கள் கதையிலும் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளையை வையுங்கள். அது எதைப் பார்த்தது என்பதை முதலில் எழுதுங்கள். வேற்றுக்கிரகவாசியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் பாட்டி குளித்து, திருநீறு பூசி, என்னையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். முழங்கால் வலியில் ஒவ்வொரு படியிலும் நின்றார். கீழ்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. மக்சிக் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பாட்டிக்கு மலாய் கொஞ்சம்தான் வரும். "பாஜூ" என்றார், சட்டை என்று. என்னைக் காட்டி, "இவன் பார்த்தானாம்" என்று தமிழிலேயே சொன்னார். மக்சிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, பாட்டி உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார்.