வாசகர் கேள்வி: கண்ணகியின் மனசுக்குள் வகுப்பை அழைத்துப் போவது எப்படி?

கேள்வி: ஒரு மாணவியைக் கண்ணகியாக நாற்காலியில் உட்காரவைத்து, மற்றவர்களைக் கேள்வி கேட்கச் சொன்னால் ஐந்தே நிமிடத்தில் சினிமா வசனமாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– தமிழாசிரியை, தண்டையார்பேட்டை

பதில்: முழுக் கதையையும் கொடுத்தால் பிள்ளைகள் நேரே பாண்டியன் அவைக்குத்தான் ஓடுவார்கள். அங்கே கண்ணகி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். தேட ஒன்றும் மிஞ்சாது. அவள் பேசாத இடத்தை எடுங்கள்.

சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் கோவலன் மாதவியைப் பிரிந்து வீடு திரும்புகிறான். முன்னோர் தேடிய பொருளைத் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். அவள் சிரித்த முகம் காட்டி ‘சிலம்புள கொண்ம்’ (சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்) என்கிறாள். அவ்வளவுதான். மாதவிக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லையே என்று வருந்துகிறான் என நினைத்தாளா? மனம் மாறி வந்துவிட்டான் என்று நம்பினாளா? அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள்? 45 நிமிடத்துக்கு இது தாராளம்.

முதல் 10 நிமிடம், அந்தப் பகுதியை இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். அடுத்த 10 நிமிடம், நான்கு பேர் கொண்ட குழுக்கள் ஆளுக்கொரு கேள்வியைச் சீட்டில் எழுதட்டும். ‘கோபம் வரவில்லையா?’ என்று கேட்டால் ‘வந்தது’ என்பதோடு முடிந்துவிடும். கதையில் வரும் ஒரு பொருளைப் பிடித்துக் கேட்கப் பழக்குங்கள். கோவலன் பிரிந்திருந்தபோது கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை என்று அந்திமாலைச் சிறப்புச்செய் காதை சொல்கிறது. ‘கழற்றிய சிலம்பை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய்?’ என்ற கேள்விக்கு யாரும் சினிமா வசனம் சொல்ல முடியாது.

பிறகு 15 நிமிடம் நாற்காலி. மூன்று நிமிடத்துக்கு ஒருவர், பையன்களும்தான். ஒவ்வொரு பதிலுக்கும் வகுப்பு ‘எந்த வரி?’ என்று கேட்க வேண்டும். வரி இருந்தால் கரும்பலகையின் இடப்பக்கம்; இல்லாவிட்டால் ‘ஊகம்’ என்று வலப்பக்கம். ஊகம் குற்றமில்லை, ஆனால் அது ஊகம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி 10 நிமிடம் எழுத்து.

கண்ணகி என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டுங்கள். எழும்போது அட்டையைக் கழற்றி, சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இடத்துக்குப் போக வேண்டும். அப்பா வீட்டை விட்டுப் போன பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கலாம். ‘உன் வீட்டில் இப்படி நடந்தால்?’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளின் கண்ணகி மெட்ராஸ் பாஷை பேசுகிறாள். திருத்தலாமா?
– ஆசிரியர், வியாசர்பாடி

பதில்: நாற்காலியில் இருக்கும்வரை வேண்டாம். ‘அவுரு வந்து நின்னதும் எனுக்கு இன்னா பேசுறதுன்னே தெர்ல’ என்று ஒரு பெண் சொன்னால், அதுதான் நீங்கள் தேடிய பதில். நடுவில் திருத்தினால் அவள் கண்ணகியை விட்டுவிட்டு இலக்கணத்தைப் பிடித்துக்கொள்வாள். எழுதும்போது தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் பேசியபடி, மறுபக்கம் தேர்வுக்கு எழுதும் தமிழில்.

கேள்வி: வகுப்பில் ஐம்பது பேர், நாற்காலி போட இடமில்லை. பாதிப் பேர் வாயே திறப்பதில்லை.
– ஆசிரியை, கொருக்குப்பேட்டை

பதில்: கடிதம் எழுத வையுங்கள். வேனிற்காதையில் மாதவி தாழை மடலில் எழுதி அனுப்பியதைக் கோவலன் வாங்க மறுக்கிறான். மாலை வராவிட்டாலும் காலையில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, அவள் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறாள். அந்த இரவில் எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்ட கடிதம்: அரைத் தாள், எட்டு வரி. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கவிட்டால் பாதித் தாள் அதிலேயே போய்விடும். முதல் சொல் ‘வசந்தமாலை’ என்று இருக்கட்டும். மடலோடு போய்த் திரும்பி வந்த தோழி அவள்தான். அவள் முகத்தில் மாதவி எதைப் பார்த்தாள் என்பதிலிருந்து கடிதம் தானாக நகரும்.

இதில் எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம். வகுப்பில் படிக்கச் சம்மதம் என்றால் தாளின் மூலையில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். புள்ளி இல்லாததை நீங்கள் மட்டும் படித்துத் திருப்பிக் கொடுங்கள்.