கோடைக் கண்காட்சிகள்: கேட்டதும் சொன்னதும்

மே, ஜூனில் மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கமும் படக் கண்காட்சி வைக்க நினைக்கிறவர்கள் இந்தக் கிழமை கேள்விகளைக் குவித்துவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தது படத்துக்குச் சட்டம் போடுவது, சுவரில் ஏற்றுவது, வெளிச்சம் பிடிப்பது. அதற்குள் வருகிறவற்றுக்கு விரிவாகவே சொல்கிறேன்.

கல்லடியிலிருந்து நுண்கலை மாணவி: எங்கள் வகுப்புக் கண்காட்சியை மே கடைசியில் திறக்க யோசனை. நாள் சரியா?

தங்கச்சி, முதலில் கோயில் நாட்காட்டியைப் பாருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு தொடங்கினால் கடைசி நாள் சடங்கான குளிர்த்தி முடியும்வரை ஊர்ச்சனம் அங்கேதான். வெசாக் போயாவும் அந்த மாதம்தான் வரும். வெள்ளி என்றால் ஜும்மா முடிந்து சனம் வீட்டுக்குப் போய் ஆறட்டும், பின்னேரம் நாலரைக்குத் திறவுங்கள். ஆறரைக்குள் இருட்டிவிடும். அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒன்றரையைப் பேச்சுக்குக் கொடுத்தால் படத்தை யார் பார்க்கிறது? விளக்கேற்றி, ஒருவர் பத்து நிமிடம் பேசினால் போதும். பொன்னாடையைத் தேநீருக்குப் பிறகு போர்த்தலாம்.

ஆரையம்பதியிலிருந்து: நீர்வண்ணப் படங்கள் கண்ணாடிக்குள் அலை அலையாக நெளிகின்றன. சட்டம் போட்டவர் பிழை விட்டாரா?

நாலு பக்கமும் செலோடேப் ஒட்டியிருப்பார். வாவிக் காற்றில் தாள் ஈரத்தை இழுத்து விரியும், வெயில் ஏற மறுபடி சுருங்கும். அசைய இடமில்லாவிட்டால் நெளியத்தான் செய்யும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும், அல்லது தாளில் மடித்த மூலைகளுக்குள் செருகினாலே போதும், பசையே வேண்டாம். படம் கண்ணாடியில் தொடவும் கூடாது. நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடுங்கள். தொட்ட இடத்தில்தான் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். செலோடேப்பின் பசையோ சில வருடத்தில் மஞ்சளாகித் தாளுக்குள்ளேயே இறங்கிவிடும், பிறகு எடுக்க ஏலாது.

வாழைச்சேனையிலிருந்து: படத்துக்கு என்ன விலை போடலாம்?

சட்டம், நிறம், துணி, போக்குவரத்துச் செலவைக் கூட்டுங்கள். உழைப்புக்கு நீங்கள் மனதார வாங்கக்கூடிய கூலியைச் சேருங்கள். கொழும்பில் ஒரு விலை, இங்கே ஒரு விலை என்று வைக்காதீர்கள், வாங்குகிறவர்கள் தங்களுக்குள் கதைப்பார்கள்.

களுதாவளையிலிருந்து: எண்ணெய் நிறத்தில் தடிப்பாக வரைந்த படம் இன்னும் ஈரம். அடுத்த கிழமை கண்காட்சி. வெயிலில் காயவைக்கலாமா?

வேண்டாம் தம்பி. எண்ணெய் நிறம் சேலை போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. உச்சி வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் முந்தி இறுகிப் பிறகு வெடிக்கும். ஈரமாகவே மாட்டுங்கள், கை எட்டாத உயரத்தில். வார்னிஷை ஆறு மாதம் மறந்துவிடுங்கள். அக்ரிலிக் காரருக்கும் ஒன்று: சூட்டில் அந்த நிறம் இளகி ஒட்டும். இரண்டு படத்தை முகத்தோடு முகம் வைத்து ஓட்டோவில் ஏற்றினால் பிரிக்கும்போது உரிந்து வரும். நடுவில் மெழுகுத் தாள் வையுங்கள்.

மருதமுனையிலிருந்து: எங்கள் மூத்தம்மா தறியில் நெய்த சாரமும் ஒரு சேலையும் இருக்கின்றன. ஓவியங்களோடு வைக்கலாமா? ஆணி அடிக்கலாமா?

ஆணி கூடவே கூடாது. துணியின் பாரம் முழுக்க இரண்டு துளையில் தொங்கினால் பாவு நூல், அதாவது துணியின் நெடுக்கு நூல், அறும். மேல் ஓரத்தில் நீளமாக ஒரு பருத்திப் பட்டி தைத்து, அதில் வெல்குரோ பிடித்து, மறுபாதியை மரச் சட்டத்தில் அடியுங்கள். பாரம் பகிர்ந்து நிற்கும். வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும், நீர்வண்ணத்துக்கும் அதே அளவு. எண்ணெய் ஓவியம் 200 வரை தாங்கும். எடுத்து வைக்கும்போது மடிக்காமல் குழாயில் சுற்றுங்கள். கட்டாயம் வையுங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு ஆசிரியர்: கட்டாயமா? கைத்தறி கைப்பணி. அதற்குச் சந்தை இருக்கிறது. இன்றைக்குச் சாரம், நாளைக்கு இழைத்த பாயும் ஓலைப் பெட்டியும் வரும். நாலு வருடம் படித்து வரைகிற பிள்ளைக்குச் சுவர் எங்கே?

சேர், சுவர் குறைவு என்பது சரி. ஆனால் படித்து வரைந்தது ஓவியம், பழகிச் செய்தது கைப்பணி என்று கோடு போட்டால் கூத்தை எங்கே வைப்பீர்கள்? சனம் சுற்றியிருக்கும் வட்டக்களரியில் விடியவிடிய ஆடினதைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். வடமோடிக் கூத்தில் அரசர் அணியும் கரப்புடுப்பைச் செய்கிறவரும் எந்தக் கல்லூரிக்கும் போனவரில்லை. பாய் வரட்டுமே. நன்றாக இழைத்த பாய் மோசமான வாவிச் சூரியோதயத்தைவிட மேல், அப்படியான சூரியோதயங்கள் நிறையவே பார்த்தாயிற்று.

ஏறாவூரிலிருந்து ஒரு பெண் இடையில்: இரண்டு பேரும் ஆண்கள் சண்டை பிடிக்கிறீர்கள். உடுத்தின சாரத்தைக் கண்ணாடிக்குள் பூட்டினால் அது செத்த சாமான். தொட்டுப் பார்க்க விடுவீர்களா?

தொட விட ஏலாது, கைவியர்வை கறையாகும். ஆனால் நீங்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது, தங்கச்சி. சுவரை விடுங்கள். மண்டபத்தின் நடுவில், விட்டத்திலிருந்து தொங்கும் சட்டத்தில் விடுங்கள், இரண்டு பக்கமும் சுற்றி வரலாம். பின்பக்கத்தில்தான் நெய்தவரின் கை தெரியும். அறுந்த பாவு நூலை முடிந்து விட்ட இடம், கரையில் நிறம் மாற்றின இடம் எல்லாம் அங்கேதான். சேருக்கும் சுவர் மிச்சம். பக்கத்தில் தொடுவதற்கென்று புதுத் துணித் துண்டொன்று வையுங்கள்.

களுவாஞ்சிகுடி: பெட்டி வந்தால்?

வந்தால் மேசை போடுவோம் சேர். அடுத்த கேள்வி.

காத்தான்குடியிலிருந்து: எந்த உயரத்தில் மாட்டுவது?

படத்தின் நடு, தரையிலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றர். சின்னப் பிள்ளைகள் அதிகம் வந்தால் இறக்குங்கள். கடற்கரைப் பக்க மண்டபம் என்றால் இரும்பு ஆணி வேண்டாம், உப்புக் காற்றில் துரு வடிந்து சுவரில் கோடு விழும்.

செங்கலடியிலிருந்து: என் படத்துக்கு விலை?

மேலே இருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து: கொழும்பில் காட்ட வழி உண்டா?

கலா பொல தெருக் கண்காட்சி ஜனவரியிலோ பெப்ரவரியிலோ நடக்கும், 1993இல் தொடங்கியது. இங்கே அப்போது மாரி. படங்களை இரண்டு சுற்றுப் பொலித்தீனில் கட்டி ஏற்றுங்கள், போய் இறங்கின உடனே அவிழ்த்துக் காற்றுப் பட விடுங்கள். உள்ளே ஈரம் அடைபட்டால் பூஞ்சணம் வரும்.

கிரானிலிருந்து: செலோடேப்புக்குப் பதிலாக மாஸ்கிங் டேப்?

அதுவும் மஞ்சளாகும். தாள் மூலை, தாள் மூலை, தாள் மூலை.

நாவற்குடாவிலிருந்து: மேற்குப் பக்க ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்தான் காலி. நீர்வண்ணம் மாட்டலாமா?

பின்னேரம் மூன்று மணிக்கு அந்தச் சுவரில் கைவைத்துப் பாருங்கள். வெளிறின நிறம் திரும்பி வராது. சிலையோ மட்பாண்டமோ வையுங்கள், அல்லது ஜன்னலுக்குத் தடித்த வெள்ளைத் துணி கட்டுங்கள்.

கல்முனையிலிருந்து: அண்ணன், விலை எப்படி...

வாழைச்சேனைக்குச் சொன்னதுதான் கல்முனைக்கும். மருதமுனைத் தங்கச்சி, சேலையின் நீளத்தை அளந்து எழுதுங்கள், சட்டத்துக்கு மரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.