இறைச்சியா, பாலா? 27 ஆட்டுத் தாடைகளை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம்

கேள்வி: ஒரு புதிய கற்காலக் குடியிருப்பின் குப்பைக் குழிகளில் கிடைத்த ஆட்டுக் கீழ்த்தாடைகளை ஆய்வேட்டுக்காகப் பார்த்து வருகிறேன். மொத்தம் 27. பல் தேய்மானத்தை வைத்து வயது பிரித்ததில், 2 மாதத்துக்கு உட்பட்டவை 6, 2 மாதம் முதல் 1 வயது வரை 4, 1 முதல் 2 வயது வரை 12, அதற்கு மேல் 5. வரைபடத்தில் 1–2 வயதுத் தூண்தான் உயரமாக நிற்கிறது. அதனால் இறைச்சிக்காக வளர்த்தார்கள் என்கிறேன். நெறியாளரோ குட்டிகளைக் காட்டி, பாலுக்காக என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இந்தத் தாடைகளை மட்டும் வைத்து இரண்டையுமே சொல்ல முடியாது. ஆனால் உங்கள் வரைபடத்தை இப்போதே திருத்தலாம்.

வயது வகுப்புகள் ஒரே அகலம் கொண்டவை அல்ல. முதல் வகுப்பு வெறும் 2 மாதம். 1–2 வயது வகுப்பு 12 மாதம். மாதக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். குட்டிகள் மாதத்துக்கு 3, ஒரு வயது தாண்டியவை மாதத்துக்கு 1. உயரமான தூண் இடம் மாறிவிட்டது! எண்ணிக்கையும் சிறியது. 27-இல் 6 என்பது 22 விழுக்காடு என்றாலும், 95 விழுக்காடு நம்பக எல்லை, அதாவது உண்மை விகிதம் இருக்கக்கூடிய வீச்சு, ஏறத்தாழ 11 முதல் 41 வரை விரிகிறது. இடது, வலது தாடைகளைச் சேர்த்து எண்ணியிருந்தால் ஒரே ஆடு இருமுறை வந்திருக்கலாம். அதையும் பாருங்கள்.

அடுத்து, தாடைகளை மறுபடி கையில் எடுங்கள். கீழ்த்தாடையின் கடைசிப் பால் கடைவாய்ப் பல்லுக்கும், நிலைத்த மூன்றாம் கடைவாய்ப் பல்லுக்கும் மும்மூன்று மடல்கள் (பல்லின் பிரிவுகள்) உண்டு. உடைந்த தாடையில் இவற்றைக் குழப்பிக்கொள்வது எளிது. குழம்பினால் குட்டி முதிர்ந்த ஆடாகிவிடும். பால் பல்லில் பின்னோக்கிப் போகப் போக மடல் பெரிதாகும். எனாமல் மெல்லியது, பல் குட்டையானது, வேர்கள் அகன்று விரிந்திருக்கும். மூன்றாம் கடைவாய்ப் பல்லில் கடைசி மடல்தான் சிறியது. செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிக்கவும் அந்தப் பால் பல் உதவும். பிரிக்காவிட்டால் இரண்டு மந்தைகளின் கதை ஒரே வரைபடத்தில் கலந்துவிடும்.

இறைச்சி, பால், கம்பளி என்ற மூன்று மாதிரிகளை 1973-இல் விலங்கெலும்பு ஆய்வாளர் செபாஸ்டியன் பெய்ன், துருக்கியின் அஷ்வான் காலே அகழாய்வை ஒட்டி முன்வைத்தார். பால் மாதிரியில், தாயின் பால் மனிதருக்குக் கிடைக்கட்டும் என்று மிகுதிக் கிடாக்குட்டிகளைப் பிறந்த சில வாரங்களில் கொன்று கழிப்பார்கள். இறைச்சி மாதிரியில் நன்றாகச் சதை பிடிக்கும் வரை, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டரை வயது வரை வளர்ப்பார்கள். கம்பளிக்கென்றால் முதிர்ந்த ஆடுகளும் கிடாக்களும் மிஞ்சும். நோக்கம் தெரிந்தால் எந்த வயதில் கொல்வார்கள் என்று இவை சொல்லும். நாம் பெரும்பாலும் தலைகீழாகப் படிக்கிறோம், அங்கேதான் வழுக்குகிறது. ஒரே வடிவம் பல காரணங்களால் வரும்.

உங்கள் 6 குட்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுக்கப்பட்டவையா, குளிரிலோ நோயிலோ செத்தவையா? 2 மாதத்துக்குள் சாவது எந்த மந்தையிலும் சாதாரணம். பல் தேயாத தாடை, பிறந்ததும் செத்த குட்டிக்கும் ஆறு வாரத்தில் அறுத்த குட்டிக்கும் பெரிய வேறுபாடு காட்டாது. அதே குழியில் இளங்குட்டி எலும்புகளில் வெட்டுத்தடம் உண்டா, முழு எலும்புக்கூடாகப் புதைந்திருந்ததா என்று பதிவேட்டைத் தேடுங்கள். பால் கறப்பவர்கள் எல்லாரும் குட்டியைக் கொல்வதும் இல்லை. குட்டி முட்டினால்தான் சுரக்கும் என்று விட்டுவைப்பவர்களும் உண்டு.

கிடைக்காமல் போனவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். நமீபியாவின் குயிசெப் ஆற்றங்கரையில் மேய்ப்பர்கள் தின்று, நாய்கள் கடித்துப் போட்ட ஆட்டு எலும்புகளை ஆய்வாளர் சி. கே. பிரெய்ன் சேகரித்தார். முன்னங்காலின் மேல் எலும்பில் கீழ்முனைகள் நிறையத் தப்பியிருந்தன. மேல்முனைகள் ஏறக்குறைய இல்லை. மேல்முனை பஞ்சுபோன்றது, மூன்று வயதுக்கு மேல்தான் எலும்பின் தண்டோடு ஒட்டும். ஆகவே எலும்பு முனை ஒட்டியதை வைத்து வயது கணித்தால் இளையவை குறைந்து தெரியும். தாடையைப் பிடித்துக்கொண்டீர்களே, அது நல்ல தேர்வு. ஆனால் குட்டித் தாடையும் மெல்லியதே. மண்ணைச் சல்லடையில் சலித்தார்களா என்று கேளுங்கள். சலிக்கவில்லை என்றால் உங்கள் 6 குறைந்தபட்ச எண்ணிக்கைதான்.

ஆணா, பெண்ணா என்று தெரிந்தால் பேச்சே மாறும். ஈரானின் கஞ்ச் தாரேவில், ஏறத்தாழ 10,000 ஆண்டுக்கு முந்தைய வெள்ளாட்டு எலும்புகளை அளந்து ஆண், பெண் தனித்தனியாகப் பிரித்தார்கள். கிடாக்கள் இளமையில் அறுபட்டதும், பெட்டைகள் முதிர்ந்த வயது வரை விடப்பட்டதும் அப்போதுதான் தெளிவாயின. குட்டித் தாடையில் ஆணா, பெண்ணா என்று தெரியாது. ஆகவே இடுப்பெலும்பையும் அளக்கத்தக்க நீள எலும்புகளையும் சேர்த்துப் பாருங்கள்.

பால் என்று எழுத வேண்டுமானால் பானை ஓட்டில் ஊறிய கொழுப்பைச் சோதிப்பதே நேரடி வழி. 2008-இல் வெளியான ஆய்வில் வடமேற்கு அனத்தோலியாவின் கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டுப் பானைகளில் பாற்கொழுப்பு தெரிந்தது அப்படித்தான்.

இப்போதைக்கு ஆய்வேட்டில் இப்படி எழுதுங்கள்: "இறப்புகள் முதல் 2 மாதத்திலும் 1–2 வயதிலும் குவிகின்றன, பின்னது இறைச்சிக்கான அறுப்போடு ஒத்துப்போகிறது, முன்னது இயற்கைச் சாவா, பாலுக்கான கழிப்பா என்பதை இந்தத் தரவு பிரித்துக் காட்டவில்லை." கீழே வகுப்புவாரி எண்ணிக்கையை அட்டவணையாகக் கொடுங்கள், வெறும் விழுக்காடு வேண்டாம்.