ஆயிரம் வருட டிஸ்க்கும் நெருஞ்சில் டப்பாவும்

கேள்வி: 2006-இல் நடந்த எங்கள் கல்யாணம் இரண்டு டிவிடிகளில் இருக்கிறது. ஒன்று தாலி கட்டும் இடம் வந்ததும் நின்றுவிடுகிறது. ஆயிரம் வருடம் வரும் டிஸ்க்கில் மாற்றித் தருவதாக ஸ்டுடியோக்காரர் சொல்கிறார். பணம் கொடுக்கலாமா?

பதில்: பழுதான டிஸ்க்கிலிருந்து மாற்றினால் ஆயிரம் வருடமும் தாலி கட்டும் இடத்தில்தான் நிற்கும். அந்தக் காலத்துக் கல்யாணங்கள் பெரும்பாலும் சின்ன டேப்பில் பிடிக்கப்பட்டவை. அந்த டேப் இன்னும் இருக்கிறதா என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

இல்லையென்றால், மெல்லிய துணியால் டிஸ்க்கை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவின் தடத்தோடு ஓடி, நிறைய இடத்தைக் கெடுக்கும். அப்புறம் கம்ப்யூட்டரில் போட்டு காப்பி எடுங்கள். ஒரு டிரைவில் ஓடாதது இன்னொன்றில் ஓடுவது சகஜம். இரண்டு மூன்றில் முயன்று பாருங்கள். நன்றாக ஓடும் டிஸ்க்கையும் இப்போதே காப்பி எடுத்துவிடுங்கள்.

கடையில் வாங்கும் சினிமா டிவிடியில் படம் பிளாஸ்டிக்கிலேயே நுண்ணிய குழிகளாக அச்சாகியிருக்கும். ஸ்டுடியோவில் எழுதித் தருவது அப்படியில்லை. உள்ளே ஒரு சாயப் பூச்சு, அதை லேசர் சுட்டுப் பதிகிறது. வெயில், வெக்கை, ஈரம் எல்லாம் அந்தச் சாயத்துக்கு எமன். சிடியில் இன்னொரு வம்பு: பளபளப்புப் பூச்சு லேபிள் பக்கம், மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. என்னிடமுள்ள ஒரு பழைய சிடியை பல்புக்கு நேராகப் பிடித்தால் ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிகிறது. அத்தனையும் போன தகவல். டிவிடியில் பூச்சு இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கிறது.

ஸ்டுடியோக்காரர் சொல்வது எம்-டிஸ்க்காக இருக்கலாம். அது ஏமாற்று இல்லை. சாயத்துக்குப் பதில் கல் போன்ற கனிமப் பூச்சு. ஆனால் ஆயிரம் வருடம் என்பது தயாரித்தவர்கள் போட்ட கணக்கு, யாரும் இருந்து பார்த்ததில்லை. டிஸ்க் இருக்கும், ஓட்ட டிரைவ் இருக்குமா? புது லேப்டாப்புகளில் டிரைவே வருவதில்லை. டிவிடிக்கு அடுத்து வந்த புளூ-ரேயில், எழுதக்கூடிய டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. சாதாரண டிவிடி 4.7 ஜிபி, உங்கள் கல்யாணம் மொத்தமே 10 ஜிபி வராது. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: பதினேழு வயது மகன் ஜிம்முக்குப் போகிறான். தசை வளர ஹார்மோன் கூட்டும் பவுடர் என்று மாஸ்டர் ஒரு டப்பா கொடுத்திருக்கிறார். தரலாமா?

பதில்: வேண்டாம். டப்பாவின் பின்பக்கம் 'ட்ரிபுலஸ்' என்றிருக்கிறதா பாருங்கள். காலில் குத்துகிற நம்ம ஊர் நெருஞ்சில்தான். ஆரோக்கியமான ஆண்களிடம் செய்த சோதனைகளில் அதனால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கூடியதாகத் தெரியவில்லை.

நிஜ டெஸ்டோஸ்டிரோன் தசையை வளர்க்கும், அதில் சந்தேகமில்லை. 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வளர்ந்த ஆண்களுக்கு வாரம் 600 மில்லிகிராம் வீதம் பத்து வாரம் ஊசி போட்டார்கள். உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்கும் சுமார் 3 கிலோ கூடியது. ஆகவே டப்பா நிஜமாகவே வேலை செய்தால்தான் பயப்பட வேண்டும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன்னுடையதைச் சுரப்பதை நிறுத்தும், விரை சுருங்கும், மார்பு வீங்கலாம். வளரும் பையனுக்கு எலும்பின் நுனிகள் சீக்கிரமே மூடி உயரமும் நின்றுபோகலாம். அந்த வயதில் அவன் உடம்பே வேண்டிய அளவு சுரக்கிறது. முட்டை, சுண்டல், எட்டு மணி நேரத் தூக்கம் போதும். சீல் உடைக்கவில்லையென்றால் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தால் டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.