கிணற்று நீரை வைத்துப் புவியியல் ஆய்வேடு செய்யலாமா?

கேள்வி: "யாழ். பல்கலைக்கழகத்தில் புவியியல் சிறப்புக்கலை, மூன்றாம் வருடம். வலிகாமத்துக் கிணற்று நீரை ஆய்வேட்டுக்கு எடுக்கலாமோ? களத்தில் என்னென்ன பார்க்க வேணும்? பிறகு இதால வேலை ஏதும் கிடைக்குமோ?"

தாராளமாக எடுக்கலாம். வலிகாமம் கிடக்கும் யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கிய மழைநீரைத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். ஆனால் "வலிகாமத்தின் நிலத்தடி நீர்த் தரம்" என்று தலைப்பு வைத்தால் ஒரு வருடத்தில் கரை சேரமாட்டீர்கள். சுன்னாகம், இணுவில் பக்கம் இரண்டு மூன்று கிராம அலுவலர் பிரிவு, 30 கிணறு, இரண்டு தடவை அளவீடு. தனி ஆள் ஒழுங்காகச் செய்யக்கூடியது அவ்வளவுதான். முதல் தடவை கோடை முடியும் செப்டெம்பரில், மற்றது மாரி ஓய்ந்த ஜனவரியில். கிணறுகளைத் தெரிந்தவர் வீடுகளாகப் பொறுக்காமல் தோட்டக் கிணறு, வீட்டுக் கிணறு, பொதுக் கிணறு என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். மலசலகூடக் குழி எத்தனை மீற்றரில் இருக்கிறது என்பதையும் கண்மட்டத்தில் சொல்லாமல் நாடா பிடித்து அளந்து எழுதுங்கள்.

பெரும்பாலான ஆய்வேடுகள் சறுக்குவது நீர்மட்டத்தில். கிணற்றுக் கட்டின் விளிம்பில் ஓரிடத்தில் பெயின்ரால் அடையாளம் போட்டு, இரண்டு தடவையும் அங்கிருந்தே அளக்க வேண்டும். தரைக்கு மேல் கட்டு எவ்வளவு உயரம் என்பதைத் தனியாக எழுதிக் கழிக்க வேண்டும். உலோக நாடாவின் நுனியில் பாரம் கட்டி, கடைசி ஒரு மீற்றருக்குச் சோக் பூசி இறக்கினால் நனைந்த இடம் தெளிவாகத் தெரியும். விடிய, மோட்டர் போட முன்னமே போய்விடுங்கள். இறைத்துக்கொண்டிருக்கும் கிணற்றின் மட்டம் அந்த நேரத்துத் தாழ்வைத்தான் காட்டும்.

இது வரைக்கும் சரியாகச் செய்தவர்கள்கூட, பிறகு கைபேசி ஜிபிஎஸ் காட்டும் உயரத்திலிருந்து இந்த ஆழத்தைக் கழித்து "நீர்மட்ட வரைபடம்" கீறிவிடுகிறார்கள். அதில் பொருளே இல்லை. இங்கே நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒன்றிரண்டு மீற்றர் நிற்பதே பெரிய விஷயம். கைபேசியோ உயரத்தில் ஐந்து, பத்து மீற்றர் பிழைவிடும். சில செயலிகள் கடல்மட்டத்தை விட்டுப் பூமிக்கு வகுத்த கணித உருவத்திலிருந்து உயரம் சொல்லும். இலங்கைப் பக்கம் இரண்டுக்கும் வித்தியாசம் 90 மீற்றர் அளவில் வருவதால் உங்கள் கிணறு மறைப் பெறுமானத்தில் கிடக்கும். நன்னீர் உவர்நீருக்கு மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. அப்படியானால் மேலே அரை மீற்றர் பிழை கீழே 20 மீற்றர் பிழை. நிலஅளவைத் திணைக்களத்தின் மட்டக்குறி (உயரம் அளந்து குறித்த இடம்) ஒன்றிலிருந்து லெவல் கருவி வைத்து உயரம் கொண்டுவர முடியுமென்றால் அந்த வரைபடத்தைக் கீறுங்கள். முடியாவிட்டால் இரு பருவத்துக்கும் இடையில் ஒவ்வொரு கிணற்றிலும் மட்டம் எவ்வளவு ஏறியது என்பதை மட்டும் எடுங்கள். அதற்குக் கடல்மட்டமே தேவையில்லை.

உரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் நீரில் சேரும் நைத்திரேற்றுக்கு மாதிரி எடுக்கும்போது மேல் தாங்கியிலிருந்து வரும் குழாயை நம்பவேண்டாம். வாளியால் அள்ளுங்கள், மோட்டரென்றால் குழாயில் கிடந்த பழைய நீர் போகும்வரை ஓடவிடுங்கள். போத்தலை அதே நீரால் மூன்று தரம் அலசி, ஐஸ் பெட்டியில் 4 பாகை செல்சியஸில் வைத்து, 48 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். உலோகம் பார்க்க எடுக்கும் போத்தலுக்கு நைத்திரிக்கமிலம் விடுவது வழமை. அந்தப் போத்தல் இதற்குள் கலந்தால் நீங்கள் அளப்பது நீங்களே ஊற்றிய நைத்திரேற்றை! நீரின் உவர்த்தன்மையைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியை ஒவ்வொரு காலையும் 1413 மைக்ரோசீமன்ஸ் நியமக் கரைசலில் சரிபாருங்கள்.

ஆய்வுகூட அறிக்கை வந்ததும் தலைப்பைப் பாருங்கள்: நைத்திரேற்றா, நைத்திரேற்றாக உள்ள நைதரசனா? உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது நைத்திரேற்றுக்கு. நைதரசன் பெறுமானத்தை 4.43 ஆல் பெருக்கினால்தான் ஒப்பிடலாம். 12 என்று வந்ததைப் பார்த்து "பாதுகாப்பானது" என்று எழுதுகிறார்கள், பெருக்கினால் 53.

வினாக்கொத்தில் ஏக்கர், ஹெக்டெயர் கேட்காதீர்கள். தோட்டக்காரர் பரப்பில்தான் சொல்லுவார். 16 பரப்பு ஒரு ஏக்கர். "ஐயா, வெங்காயத்துக்கு எத்தனை பரப்புக்கு எத்தனை பை யூரியா போட்டனீங்கள்?" என்று கேளுங்கள். நாலு பரப்புக்கு 50 கிலோப் பை ஒன்று என்றால் அதில் நைதரசன் 46 வீதம், அதாவது 23 கிலோ. ஹெக்டெயருக்கு ஏறத்தாழ 227 கிலோ. இந்தக் கணக்கை வீட்டில் இருந்து செய்யுங்கள், அவரைக் கொண்டு செய்விக்காதீர்கள். போக முன் விதானையாரிடம் (கிராம அலுவலர்) துறையின் கடிதத்தைக் காட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

ஆள்கூறுகளில் ஒரு பொறி உண்டு. பழைய இலங்கை வரைபட வலையத்தின் தொடக்கப் பெறுமானம் 200,000 மீற்றர். 1999 வலையத்தினது 500,000. மாறி எடுத்தால் கிணறு கிழக்கு மேற்காக 300, வடக்கு தெற்காக 300 கிலோமீற்றர் தள்ளிப் போய்விடும். அது உடனே கண்ணில் படுவதால் ஆபத்தில்லை. ஜிபிஎஸ் ஆள்கூறை, பழைய இலங்கை வரைபடங்களுக்கு அடிப்படையான கண்டவளைத் தரவில் உள்ளதாக எண்ணிப் போட்டால் பிழை இருநூறு மீற்றர் அளவில்தான். பக்கத்துக் குறிச்சியில் விழுந்தாலும் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், அதில் மாற்றிக்கொள்ளலாம்.

வேலை விஷயம் சுருக்கமாக. நிர்வாக சேவைப் பரீட்சைக்கு எந்தப் பாடப் பட்டதாரியும் தோற்றலாம், புவியியலுக்குத் தனிச் சலுகை கிடையாது. ஆசிரியத் தொழில் இருக்கவே இருக்கிறது. புவியியல்காரருக்கென்று உண்மையில் திறக்கும் கதவு வரைபட வேலைதான்: அனர்த்த முகாமைத்துவம், நீர்வழங்கல், நகரத் திட்டமிடல், வடக்கில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள். அங்கே பட்டச் சான்றிதழைவிட நீங்கள் கீறிய நாலு வரைபடமும் துப்புரவான தரவு அட்டவணையும் கூடப் பேசும். ஆகவே அந்த 30 கிணற்றின் எக்ஸெல் கோப்பை, எந்த ஆள்கூற்று வலையம், எந்தத் திகதி, எந்த மானி என்ற குறிப்புகளோடு இப்போதிருந்தே ஒழுங்காக வைத்திருங்கள்.