தன்மேல் கருணை: மும்பைத் தமிழர் கேள்விகளுக்குப் பதில்

செம்பூர்: ஆபீசில் சின்னத் தப்பு நடந்தாலும் ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கொள்கிறேன், அக்கா. பௌத்தத்தில் இதற்கு வழி உண்டா?

உண்டு, தம்பி. சல்லத்த சூத்திரம் என்ற போதனையில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிறார். உடம்பில் தைக்கிற வலி முதல் அம்பு. அதை நினைத்து மார்பில் அடித்துக்கொண்டு புலம்புவது இரண்டாவது. கணக்கில் தப்பு வந்தது, மேனேஜர் கேட்டார். அது முதல் அம்பு. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்பது நீங்களே உங்கள்மேல் எய்வது. இன்றிரவு அந்த நினைப்பு வந்ததும் "இதோ இரண்டாவது அம்பு" என்று மனசுக்குள் சொல்லுங்கள். அதோடு வாதாட வேண்டாம். நாலு மூச்சு நிதானமாக விட்டு, "நான் பகையில்லாமல், நலமாக இருக்கட்டும்" என்று நினையுங்கள். தப்பைக் காலையில் போய்த் திருத்திக்கொள்ளலாம். தூக்கமின்மை இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள்.

மாட்டுங்கா: "நான்" என்பதே இல்லை என்றுதானே புத்தர் சொன்னார்? இது சுயநலத்துக்குப் பௌத்தச் சாயம் பூசுவது அம்மா.

நிலையான "நான்" இல்லை என்றார், ஐயா. வலி இல்லை என்று சொல்லவில்லை. கோசல அரசன் பசேனதி, "உன்னைவிட உனக்குப் பிரியமானவர் உண்டா?" என்று ராணி மல்லிகாவிடம் கேட்டான். இல்லை என்றாள். அவனுக்கும் அப்படித்தான். இதைக் கேட்ட புத்தர் இருவரையும் கண்டிக்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் உயிர் இப்படியே பிரியமானது, ஆகவே பிறரைத் துன்புறுத்தாதே என்றார்.

மாட்டுங்கா (மறுபடி): அதில் "தன்மேல் மைத்ரி (அன்பு நினைப்பு) செய்" என்று எங்கே இருக்கிறது?

நேரடியாக இல்லை, சரி. தன்னிடமிருந்து தொடங்கும் படிமுறை 5ஆம் நூற்றாண்டில் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் வருகிறது. அங்கும் தன்னைச் சாட்சியாக நிறுத்தத்தான்: எனக்கு இன்பம் பிடிக்கும், துன்பம் பிடிக்காது, மற்ற உயிர்களுக்கும் அப்படியே. நூறு வருஷம் தன்மேல் மட்டுமே மைத்ரி செய்தாலும் ஆழ்ந்த சமாதி (தியானத்தில் மனம் ஒன்றிய நிலை) கிட்டாது என்றும் அவரே எழுதுகிறார். அதே சமயம், "எல்லா உயிர்களும்" என்பதில் உங்கள் உயிரும் சேர்ந்ததுதானே?

கல்யாண்: இகத்புரி 10 நாள் விபஸ்ஸனா தியான முகாமுக்குப் போகிறேன். டிப்ரெஷன் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். விண்ணப்பத்தில் சிகிச்சையை மறைக்கவும் வேண்டாம். மனசு தாங்காத நேரத்தில் 14416க்குப் பேசுங்கள். அரசின் டெலி மனஸ் சேவை அது, இலவசம், தமிழிலும் பேசலாம்.

தாராவி: மூன்று பிள்ளைகள். உட்காரவே நேரமில்லை, அக்கா.

உட்கார வேண்டாம், தங்கச்சி. நின்றாலும் நடந்தாலும் படுத்தாலும் செய்யலாம் என்று மைத்ரி பற்றிய மெத்த சூத்திரமே சொல்கிறது. குழாயடி வரிசை போதும்.

வசாய்: எந்த நட்சத்திரத்தில் தியானம் தொடங்கலாம்?

அது என் துறையில்லை.

முலுண்ட்: முகாமுக்கு முன் மாத்திரையை...

கல்யாண்காரருக்குச் சொன்னதுதான். நிறுத்தாதீர்கள்.

மாட்டுங்கா: அப்படியானால் தன்னோடு நின்றுவிடுவது தப்பு என்று ஒப்புக்கொள்கிறீர்கள்?

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆனால் செம்பூர் தம்பி இன்னும் முதல் படியில்கூடக் கால் வைக்கவில்லை. அவர் முதலில் ஏறட்டும்.